வலைப்படத்திற்கு வடிவம் தந்தவர்கள்



வானொலியில் சித்திரத்தைப் பற்றிப் பேசுவது சற்று விபரீதமான முயற்சிதான். நான் வரைவதை நீங்கள் காண முடியாது. நீங்கள் வரைவதை நானும் காண முடியாது. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்தக் குறையே நல்ல தொடக்கமாக அமைகிறது. அருகில் ஒரு தாளும் எழுதுகோலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் ஆறு புள்ளிகளை இட்டு, அவற்றிற்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுங்கள். ஒன்றையும் இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். பின்னர் இரண்டையும் மூன்றையும், மூன்றையும் நான்கையும், நான்கையும் ஐந்தையும், ஐந்தையும் ஆறையும் இணைத்து, முடிவில் ஆறையும் ஒன்றையும் இணையுங்கள்.

எது எதனோடு சேரவேண்டும் என்று மட்டுமே நான் சொன்னேன். எந்தப் புள்ளியை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. உங்களில் ஒருவர் புள்ளிகளை வட்டமாக வைத்திருந்தால் அழகிய அறுகோணம் கிடைத்திருக்கும். மற்றொருவர் புள்ளிகளை மனம்போனபடி வைத்திருந்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, சிக்குப்பட்ட நூலைப்போல் தோன்றும். இருவரும் வரைந்தது ஒரே உறவைத்தான். இருவர் படமும் சரியானதுதான். ஆனால் பார்ப்பவர் மனத்தில் அவை எழுப்பும் எண்ணம் ஒன்றன்று. முதற்படம் ஒழுங்கைச் சொல்கிறது. இரண்டாவது குழப்பத்தைச் சொல்கிறது. உறவு ஒன்றாயிருக்க, உருவம் வேறாகுமானால், அந்த உருவத்தை முடிவு செய்வது யார்? எந்த விதியைக்கொண்டு முடிவு செய்வது? இக்கேள்விக்கு விடை தேடிய சிலருடைய வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக அமைந்த இத்தகைய படத்தை நாம் வலைப்படம் என்று அழைப்போம். புகைவண்டி நிலையங்களும் அவற்றிடையே ஓடும் பாதைகளும் ஒரு வலை. ஓர் ஊரில் யார் யாருக்கு நண்பர் என்பது ஒரு வலை. உடலின் உயிரணுவுக்குள் எந்தப் புரதம் எதனோடு சேர்ந்து தொழில்புரிகிறது என்பதும் ஒரு வலையே. இவற்றையெல்லாம் எழுத்தால் எழுதினால் பக்கம் பக்கமாக நீளும் வெறும் பட்டியல்தான் கிடைக்கும். படமாக்கினாலோ கண் ஒரு நொடியில் பற்றிக்கொள்கிறது. ஆனால் கண் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இத்துறையின் வரலாற்றைக் கேனிக்ஸ்பர்க் நகரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அந்நகரம் இப்போது ரஷ்ய நாட்டில் கலினின்கிராட் என்னும் பெயரோடு விளங்குகிறது. பிரெகல் ஆறு அந்நகரை நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்தது. அப்பகுதிகளை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து நகரைச் சுற்றிவர இயலுமா என்பது அந்நகரத்தார் விளையாட்டாகக் கேட்டுவந்த வினா. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்தில் பணியாற்றிய ஆய்லர் என்னும் மாபெருங் கணித அறிஞர், 1735-ஆம் ஆண்டில், அஃது இயலாது என்று நிறுவினார். நிலப்பகுதிகளுள் ஒன்றில் ஐந்து பாலங்களும், மற்ற மூன்றில் மும்மூன்று பாலங்களும் வந்து சேர்கின்றன. ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாலங்கள் சேரும் இடங்கள் இரண்டுக்கு மேற்பட்டால் அத்தகைய பயணம் முடியாது என்பது அவர் கண்ட உண்மை.

இங்கே நீங்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிலப்பகுதிகளைப் புள்ளிகளாகவும் பாலங்களைக் கோடுகளாகவும் காட்டும் படம் இன்று பாடநூல்தோறும் அச்சாகிறது. ஆனால் அப்படத்தை ஆய்லர் வரையவில்லை! அவர் எழுத்துகளைக்கொண்டே தம் வாதத்தை நடத்தினார். புள்ளியும் கோடுமான படம் 1892-இல் ரௌஸ் பால் என்பவர் எழுதிய கணித விளையாட்டு நூலில்தான் இடம்பெற்றது. ஆய்லருக்குப் படம் தேவைப்படவில்லை. ஏனெனில் அவர் கேட்ட வினாவிற்கு வடிவம் ஒரு பொருட்டே அன்று. ஆறு வளைந்து ஓடினாலும் நேராக ஓடினாலும், பாலம் நீண்டிருந்தாலும் குறுகியிருந்தாலும், விடை மாறுவதில்லை. இடத்தையும் தொலைவையும் தூக்கி எறிந்துவிட்டு, இணைப்பை மட்டும் வைத்துக்கொள்வதே அவர் காட்டிய புதுமை. 1878-இல் சில்வெஸ்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், இரசாயனப் பொருள்களின் அணுக்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் படங்களை மனத்திற்கொண்டு, இவ்வமைப்பிற்குக் ‘கிராஃப்’ என்னும் பெயரைச் சூட்டினார். அப்போதும் வடிவத்தைப் பற்றிய கவலை எழவில்லை.

வடிவம் முக்கியமாகியது மனிதர்களைப் புள்ளிகளாக வைத்தபோதுதான். ஜேக்கப் மொரேனோ 1889-இல் புக்காரெஸ்டு நகரில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் பயின்று, 1925-இல் அமெரிக்கா சென்று குடியேறியவர். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்னும் ஊரில் சிறுமியருக்கான அரசாங்கச் சீர்திருத்தப் பள்ளி ஒன்று இருந்தது. 1932-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இரண்டே வாரங்களுக்குள் அங்கிருந்து 14 சிறுமியர் ஓடிப்போயினர். அதற்குக் காரணம் அச்சிறுமியரின் தனிப்பட்ட குணக்கேடு என்று எவரும் எளிதில் சொல்லிவிடலாம். மொரேனோவும் அவருடன் உழைத்த ஹெலன் ஜென்னிங்ஸ் அம்மையாரும் அவ்வாறு சொல்லவில்லை. பள்ளியில் வாழ்ந்த சிறுமியர் ஒவ்வொருவரும் யாரோடு சேர்ந்து வாழ விரும்புகின்றனர் என்று கேட்டு, அவ்விருப்பங்களையெல்லாம் கோடுகளாக இட்டனர். ஓடிப்போன எண்ணம் ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்கு அக்கோடுகளின் வழியே பரவியிருக்கிறது என்று மொரேனோ விளக்கினார். 1933 ஏப்ரலில் அவருடைய படங்கள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வெளியாயின. 1934-இல் அவருடைய பெருநூல் வந்தது. நிலத்திற்குப் பூகோளம் இருப்பதுபோல் மனித உறவிற்கும் ஒரு பூகோளம் உண்டென்பது அவர் கருத்து.

அப்படங்களை அவர் கையாலேயே வரைந்தார். பள்ளிச் சிறுவர்க்கு முக்கோணமும் சிறுமியர்க்கு வட்டமும் குறியாக இட்டார். எந்தக் குறியை எங்கே வைப்பது? அதற்கு அவரிடம் கணக்கு ஏதும் இல்லை. கண்ணும் கையுமே துணை. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் படம் நல்லது என்று அவர் பின்னாளில், 1953-இல் வந்த பதிப்பில், எழுதினார். அனுபவத்தில் கண்ட இந்த ஒரே விதிதான் நெடுங்காலம் வரைவோர்க்கு வழிகாட்டியாயிருந்தது.

1940-இல் கனடா நாட்டில் டொரன்டோ நகரைச் சேர்ந்த மேரி நார்த்வே அம்மையார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்களை வரைந்து, மிகுதியானவர் விரும்பிய குழந்தையை நடு வட்டத்திலும், யாரும் விரும்பாத குழந்தையை வெளி வட்டத்திலும் வைத்தார். அம்பு எய்வோர் குறிவைக்கும் இலக்குப் பலகையைப்போல் அப்படம் தோன்றும். படத்தின் வடிவத்தை முன்கூட்டியே ஒரு சட்டத்திற்குள் அடக்கி, அச்சட்டத்திற்குப் பொருளும் கற்பித்த முயற்சி இது. நடுவில் இருப்பது சிறப்பு, ஓரத்தில் இருப்பது குறைவு என்று இப்படத்தில் கொள்வது முறையே. ஏனெனில் அம்மையார் அவ்வாறே விதி செய்து, அவ்விதியை வெளிப்படையாகச் சொல்லியும் இருந்தார். இந்த ‘வெளிப்படையாக’ என்னும் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்கு வேண்டியிருக்கும்.

மொரேனோவின் படங்கள் பத்திரிகையில் வந்த அதே 1933-இல், இலண்டன் மாநகரில் பூமிக்கடியில் ஓடும் புகைவண்டிகளுக்கு ஒரு புதிய படம் வெளியாயிற்று. அதை வரைந்தவர் ஹாரி பெக் என்னும் படவரைஞர். நிலத்தின் மேல் உள்ள வளைவு நெளிவுகளையும் உண்மைத் தொலைவையும் அவர் புறக்கணித்தார். பாதைகள் கிடையாகவோ, செங்குத்தாகவோ, நாற்பத்தைந்து பாகைச் சாய்விலோ மட்டும் செல்லலாம் என்று விதித்தார். பயணிக்கு வேண்டுவது எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதுதானே! உலகெங்கும் இரயில்பாதைப் படங்கள் இன்றும் பெரும்பாலும் அவர் காட்டிய வழியையே பின்பற்றுகின்றன.

இவையெல்லாம் கைத்திறன். இனி, படமே தன் வடிவத்தைத் தேடிக்கொள்ளும்படி செய்தவர்களைக் காண்போம். அதற்கு இயற்பியலின் துணை வேண்டியிருந்தது. சுருள்வில்லை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அது திருப்பி இழுக்கும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். பொருளை இழுக்கவும் தள்ளவும் விசைகள் இருக்குமானால், அவை சமநிலை அடையும் இடத்தில் அப்பொருள் தானே நின்றுவிடும். இந்த எளிய உண்மைதான் புள்ளிகளுக்கு இடம் கண்டுபிடிக்கும் கருவியாயிற்று.

இக்கருவியைக் கணிதத்தின் உறுதியோடு முதன்முதல் கையாண்டவர் வில்லியம் டட். இங்கிலாந்தில் நியூமார்க்கெட் என்னும் ஊரில் 1917-இல் ஒரு தோட்டக்காரரின் மகனாய்ப் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது பிளெட்சிலி பார்க்கில், ஜெர்மானியரின் லாரென்ஸ் இரகசிய எழுத்துப்பொறியை ஒருநாளும் கண்ணால் காணாமலே, அதன் அமைப்பை ஊகித்து அறிந்த பெருமை அவருக்கு உண்டு. போர் முடிந்தபின், 1948-இல், கனடா சென்று, டொரன்டோவிலும் 1962 முதல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராயிருந்தார். வலைப்படம் ஒன்றை எவ்வாறு வரைவது என்பதையே தலைப்பாகக் கொண்ட கட்டுரையை 1963-இல் அவர் வெளியிட்டார்.

அவருடைய முறையை ஒரு பலகையில் நீங்களே செய்து பார்க்கலாம். வலையின் வெளிவிளிம்பில் வரவேண்டிய புள்ளிகளை ஒரு பலகோண வடிவில் ஆணி அடித்து நிறுத்திவிடுங்கள். மற்றப் புள்ளிகளுக்குச் சிறு வளையங்களை வைத்து, கோடுகளுக்குப் பதிலாக ரப்பர் நாடாக்களைக் கட்டுங்கள். கையை விட்டதும் வளையங்கள் சிறிது அசைந்து, ஓரிடத்தில் நிற்கும். அந்நிலையில் ஒவ்வொரு வளையமும் தன் அண்டையில் உள்ள வளையங்களின் இடங்களுக்குச் சரியான சராசரியில் இருக்கும். கிடையாக 0, 6, 0 என்றும் செங்குத்தாக 0, 0, 6 என்றும் அளவுகொண்ட மூன்று அண்டைப் புள்ளிகள் ஒரு புள்ளிக்கு இருந்தால், அப்புள்ளி கிடையாக 2, செங்குத்தாக 2 என்னும் இடத்தில் நிற்கும். கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் தாளில் வரையக்கூடியதாய், எந்த இரண்டு புள்ளிகளை நீக்கினாலும் துண்டுபடாததாய் உள்ள வலையை இம்முறையில் வரைந்தால், ஒரு கோடுகூட மற்றொன்றை வெட்டாது என்று டட் நிறுவினார். மொரேனோ கையால் தேடியதை அவர் கணக்கால் கொடுத்துவிட்டார்.

ஆனால் அந்த ஆணிகளைப் பாருங்கள். ஆணிகளை அகற்றிவிட்டால் என்ன ஆகும்? ரப்பர் நாடாக்கள் இழுக்க, எல்லா வளையங்களும் ஒரே இடத்தில் வந்து குவிந்துவிடும். எனவே படத்திற்கு விரிவைத் தருவது வெளிவிளிம்பில் உள்ள ஆணிகளே. அவற்றை முக்கோணமாக அடித்தால் படம் முக்கோணம். நீள்சதுரமாக அடித்தால் நீள்சதுரம். படம் தானே அமைந்தது என்று நாம் மகிழ்ந்தாலும், அதன் புறவடிவம் ஆணி அடித்தவன் கையில்தான் இருக்கிறது. இன்னொரு குறையும் உண்டு. வலை பெரிதாக ஆக, நடுவில் உள்ள புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுபோல் நெருங்கி, கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றன.

இவ்விரு குறைகளையும் நீக்க வேண்டுமானால், இழுக்கும் விசையோடு தள்ளும் விசையும் வேண்டும். மின்சுற்றுப் பலகைகளில் உறுப்புகளை எங்கே பொருத்துவது என்று எண்ணிய பொறியியலாளர் 1967-ஆம் ஆண்டளவிலேயே இவ்வழியில் சென்றனர். படம் வரைவதற்கென்றே அதைத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் ஈட்ஸ். 1984-இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை இத்துறையின் தலைவாயில் எனலாம். புள்ளிகளை எஃகு வளையங்களாகவும் கோடுகளைச் சுருள்விற்களாகவும் எண்ணிக்கொள்க. கோட்டால் இணையாத வளையங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதாகவும் கொள்க. வளையங்களை மனம்போனபடி பரப்பிவிட்டுக் கையை எடுத்துவிடுக. இழுப்பும் தள்ளலும் தணிந்து, ஆற்றல் மிகக் குறைந்த நிலையில் அமைப்பு ஓய்வு கொள்ளும். ஹூக்கின் விதியை அப்படியே எடுத்தால் தொலைவில் உள்ள வளையங்கள் அளவுமீறி இழுக்கப்படுவதால், ஈட்ஸ் அதைச் சற்றே மாற்றி, மடக்கை அளவில் இழுக்கும் வில்லை அமைத்துக்கொண்டார். கணிப்பொறியில் நூறு சுற்றுகள் ஓடினால் போதும். சிறிய வலைகள் கண்ணுக்கினிய வடிவில் மலர்ந்தன. ஆணி ஒன்றும் தேவைப்படவில்லை!

ஐந்தாண்டுகள் கழித்து, 1989-இல், ஜப்பானியராகிய கமடாவும் கவாயும் வேறொரு வழி கண்டனர். இணைந்த புள்ளிகளுக்கு மட்டுமன்றி, எல்லா இணைகளுக்கும் இடையே ஒரு வில்லை அவர்கள் வைத்தனர். ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல எத்தனை கோடுகளைக் கடக்கவேண்டுமோ, அதற்கேற்ப அந்த வில்லின் இயல்பான நீளம் அமையும். படத்தில் காணும் தொலைவு, வலையில் உள்ள தொலைவை இயன்றவரை ஒத்திருக்கவேண்டும் என்பது அவர்கள் குறிக்கோள்.

1991-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபுரூக்டர்மன், ரைன்கோல்டு என்னும் இருவர் வெளியிட்ட முறை மிகப் பெரும்புகழ் பெற்றது. அதன் கணக்கு உயர்நிலைப்பள்ளி மாணவருக்கும் விளங்கும். தாளின் பரப்பைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் கண்டால், புள்ளிகளுக்கிடையே இருக்கவேண்டிய தொலைவு ஏறக்குறையக் கிடைக்கும். 10,000 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 100 புள்ளிகள் என்றால் அத்தொலைவு 10 சென்டிமீட்டர். இணைந்த இரு புள்ளிகளின் கவர்ச்சி, தொலைவின் வர்க்கத்தை இந்தப் பத்தால் வகுத்தது; விலக்கு, பத்தின் வர்க்கத்தைத் தொலைவால் வகுத்தது. தொலைவு 20 ஆனால் கவர்ச்சி 40, விலக்கு 5, புள்ளிகள் நெருங்கிவரும். தொலைவு 5 ஆனால் கவர்ச்சி இரண்டரை, விலக்கு 20, விலகிச் செல்லும். தொலைவு 10 ஆகும்போது இரண்டும் சமம். இருவரும் அமைதி கொள்வர். கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பை மெல்ல மெல்ல ஆறவிடுவதுபோல், முதலில் புள்ளிகளைப் பெருநடையாகவும் பின்னர் சிறுநடையாகவும் அசையவிட்டு, முடிவில் நிறுத்திவிடவேண்டும் என்பதும் இம்முறையின் ஒரு பகுதி. தாளின் நான்கு விளிம்புகளையும் அவர்கள் சுவர்களாகக் கருதினர். சுவரை அடைந்த புள்ளி அதைத் தாண்டிச் செல்லாது.

பெரிய வலைகளுக்கு இக்கணக்கு எளிதில் அடங்குவதன்று. 100 புள்ளிகள் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் 4,950 இணைகளைப் பார்க்கவேண்டும்; 10,000 புள்ளிகள் இருந்தால் ஏறக்குறைய ஐந்து கோடி இணைகள்! இங்கே வானநூல் கைகொடுத்தது. விண்மீன்களின் ஈர்ப்பைக் கணக்கிடுவதற்காகப் பார்ன்ஸ், ஹட் என்னும் இருவர் 1986-இல் ஒரு வழி கண்டிருந்தனர். தொலைவில் உள்ள மீன்கூட்டத்தை ஒரே மீனாகக் கொண்டால் பிழை சிறிது, சேமிப்போ பெரிது. விண்ணுக்கு வகுத்த அவ்வழி தாளில் இட்ட புள்ளிகளுக்கும் பொருந்தியது.

இனி, வடிவத்தை அடக்கி ஆளும் முயற்சிகளுக்கு வருவோம். விசைகளைத் தம் போக்கில் விட்டால், பெரிய வலைகள் பெரும்பாலும் உருண்டையான ஒரு நூற்கண்டாகவே வந்து நிற்கின்றன. தாளோ நீளமானது, படமோ வட்டமானது. தொடர்பற்ற சிறு பகுதிகளோ, இழுப்பார் ஒருவரும் இன்றித் தள்ளுவார் மட்டுமே இருப்பதால், எல்லையில்லாத் தொலைவுக்கு விலகி ஓடுகின்றன. இதைத் தடுக்க, எல்லாப் புள்ளிகளையும் நடுவை நோக்கி மெல்ல இழுக்கும் மைய ஈர்ப்பு ஒன்றைச் சேர்த்தனர். ஜெர்மனியில் 1994-இல் வெளிவந்த ஒரு முறையில் இதைக் காணலாம். 2014-இல் பிரெஞ்சு அறிஞர் சிலர் விளக்கி வெளியிட்ட, இன்று பலரும் கையாளும், ‘ஃபோர்ஸ் அட்லஸ் 2’ என்னும் முறையிலும் உண்டு. இந்த ஈர்ப்பை மேலிருந்து கீழாக மிகுதியாகவும் பக்கவாட்டில் குறைவாகவும் வைத்தால், உருண்டை நசுங்கி நீள்வட்டமாகும். தாளின் அளவுக்கு ஏற்பப் படமும் விரியும்.

ஜப்பானியராகிய சுகியாமாவும் மிசுவேயும் 1995-இல் வகுத்த முறை இன்னும் நயமானது. சுருள்விற்களைக் காந்த ஊசிகளாகவும் அவர்கள் கற்பித்தனர். தாளின்மேல் ஒரு காந்தப்புலத்தைப் பரப்பினால், திசைகாட்டியின் முள் வடக்கே திரும்புவதுபோல், கோடுகள் யாவும் புலத்தின் திசைக்குத் திரும்ப முயலும். புலம் மேலிருந்து கீழ்நோக்கி இருந்தால் தலைமுறைப் படம்போல் வலை தொங்கும். நடுவிலிருந்து வெளியே பரவினால் சக்கரத்தின் ஆரங்களைப்போல் விரியும். சுற்றிச் சுற்றி வந்தால் வளையங்களாகும். உறவுகளில் ஒன்றையும் மாற்றாமல், வெளியிலிருந்து ஒரு புலத்தை மட்டும் இட்டு, உருவத்தை வேண்டியபடி பெற்றுவிட்டார்கள்.

இத்தனையும் சொன்னபின், என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் நான் நேர்மையானவன் ஆகேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் பாடம் நடத்திய வகுப்பு ஒன்றில் 40 மாணவர் இருந்தனர். ஒவ்வொருவரும் யாரோடு சேர்ந்து படிக்கிறீர்கள், மூன்று பேருக்கு மேற்படாமல் எழுதுங்கள் என்று கேட்டு, விடைகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்தேன். அழகிய படம் வந்தது. 37 பேர் நடுவில் ஒரு கூட்டமாக நின்றனர். மூவர் மட்டும் தாளின் கோடிமூலையில், கூட்டத்திலிருந்து வெகுதொலைவில், தனியே கிடந்தனர். படத்தைக் கண்ட அக்கணமே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இவர்கள் யாரோடும் ஒட்டாதவர்கள். அல்லது மற்றவர் இவர்களை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். மூவரையும் அழைத்து, ‘ஏன் இப்படி விலகியிருக்கிறீர்கள்?’ என்று பரிவோடுதான் கேட்டேன். அவர்கள் முகம் சிறுத்துவிட்டது. அவர்களுள் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: ‘ஐயா, நாங்கள் மூவரும் ஒரே ஊர். மாலையில் ஐந்து மணிப் பேருந்தை விட்டால் வேறு வண்டி இல்லை. அதனால் வண்டியில்தான் சேர்ந்து படிக்கிறோம். வகுப்பில் எல்லோரிடமும் நன்றாகத்தான் பழகுகிறோம்.’

அன்றிரவு அதே விடைகளை மீண்டும் கணிப்பொறிக்குக் கொடுத்து, மைய ஈர்ப்பைச் சற்றே மிகுதியாக்கினேன். மூலையில் கிடந்த மூவரும் நகர்ந்து வந்து, கூட்டத்தின் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டனர்! மாணவரின் விடைகளில் ஓரெழுத்தும் மாறவில்லை. என் கையில் இருந்த ஓர் எண்தான் மாறியது. அவர்களுக்கும் மற்றவர்க்கும் இடையே கோடு இல்லை என்பது மட்டுமே உண்மை. அந்த இடைவெளி ஒரு விரற்கடையா, ஒரு முழமா என்பதை அவர்கள் சொல்லவில்லை. என் கணக்கின் விலக்கு விசை சொல்லியது. நானோ அதை அவர்களுடைய குணமென்று படித்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் அவ்விரு படங்களையும் காட்டி, என் தவற்றை எல்லோரும் அறியச் சொன்னேன். அம்மூவர் முகமும் அப்போதுதான் தெளிந்தது. ஹட்சன் பள்ளிச் சிறுமியரை நான் அன்று நினைத்துக்கொண்டேன். புள்ளி என்று நாம் இடுவது சில வேளைகளில் ஒரு குழந்தை அன்றோ!

எனவே, இத்தகைய படங்களைக் காணும்போது நீங்கள் மனத்திற்கொள்ளவேண்டியவை சில உண்டு. விசையால் அமைந்த படத்தில் மேல், கீழ், இடம், வலம் என்பவற்றிற்குப் பொருள் இல்லை. படத்தைச் சுழற்றினாலும் அதே படம்தான். புள்ளிகளை முதலில் பரப்பிய இடம் மாறினால், முடிவில் வரும் உருவமும் மாறக்கூடும். நடுவில் இருப்பவன் தலைவன் என்றோ, ஓரத்தில் இருப்பவன் எளியவன் என்றோ எண்ணிவிடலாகாது. அதை அறியக் கோடுகளை எண்ணவேண்டும், இடத்தைப் பார்த்தால் போதாது. எது எதனோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே வலை தரும் சாட்சியம். மற்றவை வரைந்தவர் தந்தவை.

அப்படியானால் வடிவத்தை ஆள்வது குற்றமா? இல்லை. டட் அடித்த ஆணியும், பெக் விதித்த கோணமும், சுகியாமா பரப்பிய காந்தப்புலமும் நம் கண்ணுக்குச் செய்த உதவி பெரிது. மொரேனோ அனுபவத்தால் சொன்ன விதியை, ஹெலன் பர்ச்சேஸ் அம்மையார் 1997-இல் வெளியிட்ட சோதனைகள் உறுதிப்படுத்தின. மாணவரிடம் பலவகைப் படங்களைக் கொடுத்து வினாக்கள் கேட்டுப் பார்த்தபோது, கோடுகள் வெட்டிக்கொள்வது குறைந்த படமே மற்ற எல்லா அழகுகளையும்விட மிகுதியாகப் புரிந்துகொள்ள உதவியது. ஆகவே படத்தைத் திருத்தி அமைப்பது வரைபவரின் கடமை. திருத்தியதை மறைப்பதுதான் குற்றம். நார்த்வே அம்மையார் தம் வட்டங்களின் பொருளை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார் என்று முன்னர்க் குறிப்பிட்டேன். அந்த நேர்மையே இக்கலையின் முதல் இலக்கணம். எங்கே ஆணி அடித்தோம், எவ்வளவு ஈர்ப்பு வைத்தோம் என்பதைப் படத்தின் கீழே ஒரு வரியில் எழுதிவிட்டால், காண்போர் ஏமாற மாட்டார்கள்.

நண்பர்களே! தொடக்கத்தில் நீங்கள் வரைந்த அந்த ஆறு புள்ளிகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். உங்கள் அருகில் இருப்பவர் வரைந்ததையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறுவேறாகத் தோன்றினால், ஒவ்வொரு கோடாக எண்ணிச் சரிபாருங்கள். இரண்டிலும் இருப்பது ஒரே உறவுதான் என்று கண்டுகொண்ட பின்னர் தாளை மடித்து வையுங்கள். நாளை யாரேனும் ஒரு வலைப்படத்தைக் காட்டி, ‘இதோ, இவன் ஓரத்தில் நிற்கிறான், பாருங்கள்’ என்று சொல்லும்போது, ‘அவனை அங்கே நிறுத்தியது யார்?’ என்று கேட்க மறவாதீர்கள்.